வாய்மொழியில் பிறந்த புதினங்கள்: வை.மு. கோதைநாயகி அம்மாள்

ஏடறியாதவர் நூல் இயற்றக் கூடுமோ என்னும் வினாவுக்குத் தாலாட்டும் ஒப்பாரியும் ஏற்றப் பாட்டும் பாடிய நம் முன்னோர் எப்போதோ விடை கூறிவிட்டனர். ஆயின் அவர்களுடைய படைப்புகள் காற்றில் நின்றவை. எழுத்தறியாத நிலையில் ஒரு நாடகத்தை இயற்றி, அதனை அச்சேற்றவும் செய்து, பின்னர் எழுத்தைக் கற்று, ஓர் இதழை முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தி, 115 புதினங்களைத் தமிழுக்குத் தந்த ஒருவர் இருபதாம் நூற்றாண்டில் நம்மிடையே வாழ்ந்தார். அவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். புதின வரலாறு எழுதுவோர் பலர் அவரை ஒரு பத்தியில், சிலர் ஒரு வரியில் கடந்து செல்கின்றனர். புதினங்களின் எண்ணிக்கையைச் சொல்லி வியந்துவிட்டு, அவற்றின் தரத்தைப் பற்றி மௌனம் காப்பது வழக்கமாகிவிட்டது. எண்ணிக்கையைப் புகழ்வது சில நேரங்களில் புறக்கணிப்பின் நாகரிகமான வடிவமே.

கோதைநாயகி 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று செங்கற்பட்டு மாவட்டத்து நீர்வளூர் வெங்கடாச்சாரியாருக்கும் பட்டம்மாளுக்கும் மகளாகப் பிறந்தார். குழந்தைக்கு ஒரு வயது நிரம்பியபோது தாய் மறைந்தார். பாட்டியின் அரவணைப்பிலும் உறவினர் ஆதரவிலும் வளர்ந்த அச்சிறுமிக்கு ஐந்தரை வயதில், 1907இல், திருமணம் நிகழ்ந்தது. மணமகன் பார்த்தசாரதிக்கு அப்போது வயது ஒன்பது. அன்றைய வைணவ அந்தணர் குடும்பங்களில் இது வியப்புக்குரிய செய்தியன்று. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் பிறக்க இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தன.

புகுந்த வீடு சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்தது. வை.மு. என்னும் முன்னெழுத்துகள் வைத்தமாநிதி முடும்பை என்ற குடிப்பெயரைக் குறிப்பன. கம்பராமாயணத்துக்கு உரை கண்ட வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரின் பெயரிலும் இவ்வெழுத்துகளே முன்நிற்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். உரையாசிரியர்கள் தோன்றிய குடியில் புகுந்த மருமகளுக்கு அரிச்சுவடி எட்டவில்லை. அவரைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்று பிறந்த வீட்டிலும் எவருக்கும் தோன்றவில்லை. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்தத் தொண்ணூற்றொன்பதின்மருள் ஒருத்தியாகவே அவர் வளர்ந்தார்.

எனினும் செவி திறந்திருந்தது. வீட்டில் ஒலித்த பாசுரங்களும் புராணக் கதைகளும், பின்னர் கணவர் அழைத்துச் சென்று காட்டிய நாடகங்களும் அவருக்குக் கல்விச்சாலையாயின. கேட்டவற்றையும் கண்டவற்றையும் கதையாக்கிக் குழந்தைகளுக்குச் சொல்வார். குழந்தைகளைச் சூழ்ந்து பெரியவர்களும் அமர்வர். இவ்வாறு சொல்லிச் சொல்லிப் பழகிய கதைத்திறன் நாடகமொன்றை இயற்றும் அளவுக்கு முதிர்ந்தது. அவர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். உரையாடலும் பாடலும் கலந்து உருவான ‘இந்திரமோகனா’ என்னும் அந்நாடகம் 1924இல் நூலாக வெளிவந்தது. ஈன்ற தாயின் பெயரே எழுத்தைத் தந்த தோழிக்கும் அமைந்தது தற்செயல்தான். ஆயினும் நெஞ்சில் தங்கும் தற்செயல். தோழியின் துணையோடுதான் கோதைநாயகி எழுத்தைக் கற்றார். முதலில் நூல், பிறகு நெடுங்கணக்கு என்னும் இந்த வரிசை மாற்றம் அவருடைய எழுத்தின் இயல்பை இறுதிவரை நிறுவிற்று.

அக்காலத் தமிழ்ப் புதின உலகை ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் ஆண்டுகொண்டிருந்தனர். ஆங்கிலத் துப்பறியும் கதைகளின் சாயலில் கொலை, களவு, ஆள்மாறாட்டம், கடத்தப்பட்ட கன்னிகை, அவளை மீட்கும் சாமர்த்தியசாலி எனச் சுழன்ற உலகம் அது. கோதைநாயகியின் முதற் புதினமாகிய ‘வைதேகி’ வடுவூராரின் ‘மனோரஞ்சனி’ வாயிலாகவே வெளியுலகைக் கண்டது. தொடக்ககாலப் புதினங்களில் துப்பறியும் வித்தைகள் மிகுந்திருப்பதற்கு இச்சூழலே காரணம். பெண்ணொருத்தி இவ்வாறெல்லாம் எழுதக் கூடுமா, வேறு எவரேனும் எழுதித் தருகின்றனரா என்ற ஐயப் பேச்சும் எழுந்தது. எழுதுகோலை இரவல் பெற்றுத் தொடங்கியவரை நோக்கி இந்தக் குற்றச்சாட்டு எழுந்ததில் ஒரு கொடுமை உண்டு. தோழி தந்தது கையை மட்டுமே, கதை அவருடையது.

நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ என்னும் இதழை அவர் 1925இல் விலைக்கு வாங்கினார். மகளிர்க்கென இதழ்கள் அதற்கு முன்பும் தமிழில் உண்டு. ‘சக்கரவர்த்தினி’யைப் பாரதியாரே 1905ஆம் ஆண்டு முதல் சிறிது காலம் நடத்தினார். ஆனால் ஒரு பெண் தன் கதைகளைத் தானே எழுதி, தன் இதழிலேயே தொடராக வெளியிட்டு, அவற்றை நூலாக்கி, அவ்வருவாயைக் கொண்டே இதழைத் தாங்கி, முப்பதாண்டுகளுக்கு மேல் நிற்பதென்பது வேறு வகைச் சாதனை. ‘ஆனந்த விகடன்’ பிறப்பதற்கு முன்பே இது தொடங்கிற்று என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். கல்கியின் தொடர்கதைக்காக வாசல் பார்த்திருந்த இல்லங்கள் சிலவற்றிலேனும் ‘ஜகன்மோகினி’ முன்னரே அந்தக் காத்திருப்பைப் பழக்கியிருக்க வேண்டும். பிற பெண்களின் எழுத்துக்கும் அவ்விதழ் இடம் தந்தது.

இங்கே வாசித்தல் என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்ப்பது நலம். இன்று நாம் கண்ணால், தனிமையில், ஓசையின்றி வாசிக்கிறோம். அன்று பெண்கள் நடுவே எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கைவேலையோடு கேட்பது வழக்கம். கோதைநாயகியின் உரைநடை இந்தக் கேட்போர் அவையை மனத்திற்கொண்டது. நெடிய உரையாடல்கள், வந்த செய்தியே மீண்டும் வருதல், பாத்திரம் தன் நெஞ்சொடு உரக்கப் பேசுதல், இடையிடையே உபதேசம் ஆகிய அனைத்தும் கண்ணால் படிப்போர்க்குக் குற்றமாகத் தோன்றும். கதாகாலட்சேபம் கேட்டுப் பழகிய செவிக்கு அவை உரிய இடத்தில் அமைந்தவை. எழுந்து சென்று அடுப்பைப் பார்த்துவிட்டு வருபவளுக்குக் கதை கைநழுவாதிருக்க உதவுபவை. சொல்லக் கற்று, அதன்பின் எழுதக் கற்றவரின் நடை அது.

அப்புதினங்களின் பெரும்பொருள் காதல். ‘கௌரி முகுந்தன்’, ‘ருக்மணி காந்தன்’, ‘பரிமள கேசவன்’ எனத் தலைப்புகளைப் பார்த்தாலே அவருடைய கற்பனை எங்கே தங்கியிருந்தது என்பது புலனாகும். பெண்ணின் பெயர் முன்னும் ஆணின் பெயர் பின்னுமாக இரண்டும் ஒரே பெயராக இணைந்து நிற்கும். ‘பிரேம பிரபா’, ‘பிரேமாஸ்ரமம்’, ‘காதலின் கனி’ என வெளிப்படையாகவே பொருளைச் சொல்லும் தலைப்புகளும் உண்டு. சந்திப்பு, ஐயம், சூழ்ச்சி, பிரிவு, ஆற்றாமை, இறுதியில் கூடல் என்பது பொதுவான போக்கு.

அகத்திணை கற்றோர்க்கு இவ்வடைவு புதிதன்று. களவும் கற்பும் என இருகூறாக அன்பு வாழ்வை வகுத்தது தொல்காப்பியம். தலைவனும் தலைவியும் எதிர்ப்பட்டுத் தாமே உளம் ஒன்றியபின் வரைவு நிகழ்வதே அந்நெறி. ஐந்தரை வயதில் தாலி பூண்ட தலைமுறைக்குக் களவு ஏது? கற்பு மட்டுமே வாய்த்த தலைமுறை அது. தேர்ந்தெடுத்தல், தேர்ந்தெடுக்கப்படுதல், காத்திருத்தல், மறுத்தல் என்னும் அனுபவங்கள் அனைத்தும் அவர்கள் நினைவு தெரியுமுன்பே கடந்துபோயின. ‘ஜகன்மோகினி’யைக் கையிலேந்திக் கேட்டிருந்த பெண்களுட் பலர் அத்தகையோர். தமக்கு நேராத ஒன்றை நேர்ந்ததுபோல் மாதந்தோறும் சிறிது சிறிதாக வாழ்ந்து பார்க்க அந்தத் தொடர்கள் இடந்தந்தன. அவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியோர், பொழுது எவருடையது, அது எதனால் நிறைந்திருந்தது என்று கேட்கவில்லை.

குறைகளை மறைக்கவேண்டுவதில்லை. வடமொழிச் சொற்கள் மலிந்த மணிப்பிரவாள நடை. நல்லோர் முற்றும் நல்லோராகவும் தீயோர் முற்றும் தீயோராகவும் அமையும் பாத்திரப் படைப்பு. நிகழ்ச்சிகளின் நம்பகத்தன்மையைக் காட்டிலும் அவற்றின் விரைவில் வைத்த நாட்டம். மாதந்தோறும் பக்கம் நிரப்பவேண்டிய கட்டாயத்தின் தடயங்கள். 1933இல் ‘மணிக்கொடி’ தோன்றியபின் தமிழ் உரைநடை சொற்சிக்கனத்தையும் உளவியல் நுட்பத்தையும் நாடிச் சென்றது. அவ்வளவுகோல் அவரைச் சிறுமைப்படுத்தியதில் வியப்பில்லை. அவ்வளவுகோலைப் பழிப்பதிலும் பொருளில்லை. 115இல் பாதியையேனும் அவர் எழுதாது விட்டிருந்தால் எஞ்சியவை செறிவு பெற்றிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் பாதியை எழுதாதிருந்தால் இதழ் நின்றிருக்காது.

வாய்மொழி ஆற்றல் அவரை வேறொரு களத்துக்கும் இட்டுச் சென்றது. 1925இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்து சீனிவாச ஐயங்கார் இல்லத்தில் தங்கியிருந்தபோது கோதைநாயகி அவரைக் கண்டார். பட்டும் நகையும் அணிந்து சென்றவர், அச்சந்திப்புக்குப்பின் அவற்றைத் துறந்து கதருக்கு மாறினார். சீனிவாச ஐயங்காரின் மகள் அம்புஜம்மாளின் நட்பு அவரைப் பொதுப்பணியில் ஆழ்த்தியது. காங்கிரஸ் மேடைகளில் சத்தியமூர்த்தி முதலானோரோடு அவர் பேசினார். சிறு கதைகளைப் பொதிந்து பேசும் அவருடைய பாணி கூட்டத்தைக் கட்டி நிறுத்தியது. குழந்தைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய திறன்தான் மேடையிலும் நின்றது. நல்ல குரல்வளமும் இசைப்பயிற்சியும் உடைய அவர் தேசியப் பாடல்களை மேடைகளில் பாடினார். குடும்பப் பெண்கள் பலர் முன்னே பாடுவது இழுக்கெனக் கருதப்பட்ட அந்நாளில் டி.கே. பட்டம்மாள் மேடையேறிப் பாட ஊக்கம் தந்தவர்களுள் அவரும் ஒருவர்.

1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணிக்கடை மறியலிலும் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். ஆறு மாதச் சிறைத்தண்டனையோடு நூறு ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. அபராதத்தைக் கட்ட மறுத்தமையால் சிறைவாசம் மேலும் நீண்டது. அக்காலத்தில் இதழை அவர் கணவர் கவனித்துக்கொண்டார். ஒன்பது வயதில் மாலை சூடிய அந்தப் பார்த்தசாரதியைப் பற்றி வரலாறு அதிகம் பேசவில்லை. மனைவி நாடகம் பார்க்க, எழுத, இதழ் வாங்க, மேடையேற, சிறைசெல்ல ஒவ்வொரு முறையும் உடன் நின்றவர் அவர். ஊரார் பேச்சு அவர் செவியிலும் விழுந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

வேலூர்ச் சிறை கோதைநாயகிக்குப் புதிய செவிச் செல்வத்தை அளித்தது. அரசியல் கைதிகளோடு, குற்றம் புரிந்து தண்டனை பெற்ற பெண்களும் அங்கே இருந்தனர். திருவல்லிக்கேணி மாடவீதிகளில் அவர் கேட்டறியாத வாழ்க்கைகள் அவர்களுடையவை. அவற்றைக் கேட்டார்; கேட்டவற்றைப் புதினமாக்கினார். ‘உத்தமசீலன்’, ‘சோதனையின் கொடுமை’ ஆகியவை சிறையனுபவத்தின் விளைவுகள். மதுவின் கேடும், வறுமை பெண்ணைத் தள்ளும் பாதையும் அவர் எழுத்தில் இதன்பின் அழுத்தம் பெற்றன. துப்பறிவோனின் சாமர்த்தியம் படிப்படியாகப் பின்வாங்கியது.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டாமல் அமைய இயலாது. குழந்தை மணத்தைக் கண்டித்தார், கைம்பெண்களின் துயரை எழுதினார், பெண்கல்வியை வற்புறுத்தினார். ஆயினும் அவருடைய கதைத்தலைவியர் பெரும்பாலும் பொறுமையின் வடிவினர். துயரைத் தாங்கித் தாங்கியே வெல்வோர். படைத்தவரோ வாசலைக் கடந்தார். கூட்டத்தின் நடுவே உரத்துப் பேசினார். அபராதம் கட்டமாட்டேன் என்று சிறையிலேயே இருந்தார். தாம் செய்த அளவுக்குத் தம் பாத்திரங்களைச் செய்ய அவர் விடவில்லை. வாசகியரை இழந்துவிடும் அச்சம் இதற்குக் காரணமாகலாம். அந்த வாசகியர் வாழ்ந்த வீடுகளின் எல்லையை அவர் அறிந்திருந்தமையும் காரணமாகலாம். பெண்ணிய நோக்கில் அவரை ஆராய்வோர் புதினங்களை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறினால் பாதியையே கண்டவராவர். ஒரு பெண்ணே எழுதி ஒரு பெண்ணே நடத்தும் இதழ் என்ற உண்மை, அவ்விதழின் அட்டையிலேயே அவர் பெயராக ஒவ்வொரு மாதமும் வீட்டிற்குள் நுழைந்தது. உள்ளே இருந்த கதையைக் காட்டிலும் துணிவான செய்தி அதுவாக இருக்கக் கூடும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டையும் ‘ஜகன்மோகினி’ தாங்கிக் கடந்தது. காந்தியடிகள் மறைந்த 1948ஆம் ஆண்டில் அவர் பெயரால் மகாத்மாஜி சேவா சங்கம் என்ற அமைப்பை நிறுவி, ஆதரவற்ற பெண்களுக்குத் தையலும் இசையும் மொழியும் கற்பிக்க வழிசெய்தார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டமைக்காக அரசு வழங்கிய பத்து ஏக்கர் நிலத்தை வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்துக்கே அளித்துவிட்டார். இளமையில் நகையைத் துறந்தது எளிது என்று சொல்வோர் உண்டு. முதுமையின் வாயிலில் நின்று நிலத்தைத் துறப்பதற்கு வேறு உறுதி வேண்டும்.

1956இல் மகன் சீனிவாசன் மறைந்தார். ஒரே மகனை இழந்த தாயின் உடல் அதன்பின் தேறவில்லை. காசநோய் பற்றியது. தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கோதைநாயகி 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் சென்ற இதழும் அவரோடு ஓய்ந்தது. மலிவுத் தாளில் அச்சான அந்த இதழ்கள் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டுக் கிழிந்தவை. நூலகத்தில் பேணப்படும் நூல் படிக்கப்படாமலும் காப்பாற்றப்படலாம். எல்லோரும் படித்த நூலோ அழிந்துபோகிறது. அவர் புதினங்களுட் பலவற்றின் படிகள் இன்று கிடைத்தற்கரியனவாய் இருப்பதற்கு அவற்றின் புகழே ஒரு காரணம்.

திரைப்படம் அவருடைய கதைகளை முன்னரே நாடியிருந்தது. ‘ராஜமோகன்’ 1937இலும் ‘அனாதைப் பெண்’ 1938இலும் படமாயின. அவர் மறைந்து ஆறாண்டுகள் கழித்து, ‘தயாநிதி’ என்ற புதினம் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் ‘சித்தி’ என்னும் பெயரில் திரைக்கு வந்தது. தம்பியின் படிப்புக்காகத் தன் காதலைக் கைவிட்டு, வயது முதிர்ந்த ஒருவருக்கு மனைவியாகும் பெண்ணாகப் பத்மினியும், அம்முதியவராக எம்.ஆர். ராதாவும் நடித்தனர். 1966இல் அப்படத்தைக் கண்டு கண்கலங்கியவர்களுட் பெரும்பாலோர் கதை எவருடையது என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுள் சில பாட்டிமார், திரை விரியுமுன்பே முடிவை அறிந்து அருகிலிருந்த பேத்தியிடம் சொல்லியிருக்கக் கூடும். ‘ஜகன்மோகினி’யை யாரோ படிக்க அவர்கள் கேட்டிருப்பார்கள்.